'ஒண்டும் இல்லை' என்றவளுக்கு

நேற்றுக் காலை கொடியில் காய்ந்த சட்டையை எடுக்கப் போனவள், அதன் கழுத்தோரத்தில் சிவப்பு நூலில் ஓர் எண்ணைக் கண்டு நின்றுவிட்டேன். நாற்பத்தொன்று. கொட்டாஞ்சேனை அநாதை இல்லத்துப் பிள்ளைகளின் சட்டைகளில் போடுகிற அதே சங்கிலித் தையல். தோய்த்துக் காய்ந்த பிறகும் போகாத அதே காபோலிக் சவர்க்கார மணம். கையில் கத்தரிக்கோல் இருக்கவில்லை. இருந்திருந்தாலும் அந்த நூலைத் தொட்டிருக்க மாட்டேன். அந்தப் பாடம் எனக்கு ஒருமுறை போதும்.

ஆம், வீட்டுக்கு இன்னொரு பிள்ளை வந்திருக்கிறாள். பெயர் மங்கை, ஆறு வயது. வந்து நாலு நாளாகிறது. பசிக்கிறதா, குளிர்கிறதா, பாய் குத்துகிறதா, எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "ஒண்டும் இல்லை." இந்தப் பதிலை நீ எங்கேயோ கேட்டிருக்கிறாய்.

உனக்கு எழுத வேண்டும் என்று ஒரு வருடமாக நினைத்தும் எழுதவில்லை. காரணத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: உன்மேல் எனக்குக் கோபம். செத்தவர்கள்மேல் கோபப்படக் கூடாது என்று ஊர் சொல்லும். ஊர் சொல்வதை நீ எந்தக் காலத்தில் கேட்டாய், ஆகையால் உன்னிடம் தாராளமாகச் சொல்லலாம். நெருப்புக் காய்ச்சல், டைபொயிட் என்று டாக்குத்தர் சொல்வதற்கு முன் பத்து நாள் காய்ச்சலோடு நீ தையல் மெஷின் மிதித்தாய். "என்னடி முகம் வாடிக் கிடக்கு?" என்று நான் கேட்டபோதெல்லாம், "ஒண்டும் இல்லையடி, வெயில்" என்றாய். அந்தச் சொல்லை எங்கள் வீட்டிலிருந்து துரத்தியவள் நீ. போகும்போது அதையே எனக்குச் சொல்லிவிட்டுப் போனாய். உள்ளே என்ன பயத்தை வைத்துக்கொண்டு படுத்திருந்தாயோ, ஒருவருக்கும் சொல்லாமலே கண்ணை மூடினாயோ என்று நினைத்து நினைத்து, கவலையும் கோபமும் பிரித்தறிய முடியாமல் ஒரு வருடம் கழிந்தது.

நேற்றுப் பின்னேரம் அந்தப் பாரம் இறங்கிவிட்டது. அது எப்படி இறங்கியது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். அதற்கு முதலிலிருந்து வர வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் இந்த முறை இடையில் புகுந்து என்னைத் திருத்த உன்னால் முடியாது என்பதில் எனக்குக் கொஞ்சம் வசதி இருக்கிறது.

கொழும்புத் துறைமுகத்தில் ஜப்பான்காரனின் குண்டு விழுந்ததும் கொட்டாஞ்சேனையில் பாதிப் பேர் மூட்டை கட்டினார்கள். நீயும் ஒரு மாட்டுவண்டியில் தையல் மெஷினை ஏற்றி, அது சரிந்துவிடும் என்று வெள்ளவத்தை வரை அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டே வந்து இறங்கினாய். எங்கள் பின்னறையை உனக்கு வாடகைக்குக் கொடுத்தபோது எனக்கு அவ்வளவு விருப்பம் இல்லை. கலியாணம் கட்டாதவள், சத்தமாகச் சிரிக்கிறவள், செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோனியார் கோயிலுக்குப் போய் அவரையும் அதட்டிவிட்டு வருகிறவள். தெமட்டகொடை றெயில்வே யார்ட்டில் கிளாக்கராக இருந்த இவருக்குத்தான் இரக்கம். "பாவம், இருக்கட்டும்" என்றார். பதினொரு வருடக் கலியாண வாழ்வில் இவர் பேசிய நீளமான வசனங்களில் அதுவும் ஒன்று.

அதே குண்டுப் பயத்தில்தான் கொட்டாஞ்சேனை இல்லமும் தன் பிள்ளைகளைத் துறைமுகப் பக்கத்திலிருந்து அப்புறப்படுத்தி, குடும்பங்களில் வளர்க்கக் கொடுத்தது. ஆறு மாதத் தவணை. முடிவில் மேட்ரன் வந்து பார்ப்பார். பிள்ளை அந்த வீட்டில் ஊன்றிக்கொண்டாள் என்று கண்டால் கையெழுத்துப் போடுவார், இல்லையென்றால் கூட்டிக்கொண்டு போவார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இவர் ஒருநாள் படிவத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார், நான் ஒன்றும் கேட்காமல் கையெழுத்திட்டேன். இப்படித்தான் பூரணம் வந்தாள். எட்டு வயது, ஒரு தகரப் பெட்டி, சட்டைக் கழுத்தில் பதினேழு என்ற எண். எங்களுக்கு முதல் ஒரு வீடு அவளை எடுத்து, இரண்டு மாதத்தில் திருப்பிக் கொடுத்திருந்தது. காரணம் கேட்டதற்கு, 'ஒத்துவரவில்லை' என்று எழுதியிருந்த தாளைக் காட்டினார்கள்.

அவள் அழவே மாட்டாள். படியில் தடுக்கி முழங்கால் கிழிந்து இரத்தம் வழிந்தபோதும், எழுந்து நின்று, "ஒண்டும் இல்லை" என்றாள். எனக்கு அது பெரிய பெருமை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "தங்கமான பிள்ளை, ஒரு சிணுக்கம் இல்லை" என்று சொல்லித் திரிந்தேன். ஒருநாள் நீ வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு கேட்டிருந்தாய். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் குத்தி முடித்துவிட்டுச் சொன்னாய்:

"அது தங்கமான பிள்ளை இல்லையடி. பயந்த பிள்ளை."

எனக்குச் சுருக்கென்றது. பிள்ளை பெறாதவளுக்குப் பிள்ளையைப் பற்றிச் சொல்ல, நீ மட்டும் பெற்றவளா? இரண்டு நாள் உன் பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் கிணற்றடியில் மறித்து, "என்னோட கோவமோ?" என்றாய். "ஒண்டும் இல்லை" என்றேன். நீ வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் மதிலில் இருந்த காகம் பறந்தது.

"பெத்த தாய் தோத்தா. ரெண்டு பேருக்கும் ஒரே பதில்."

நான் என்ன செய்ய? நான் வளர்ந்த வீட்டில் கவலை வந்தால் தலையிடி என்று சொல்லிப் படுப்போம். கோபம் வந்தால் வேலை கிடக்கிறது என்று எழும்பிப் போவோம். சந்தோஷம் வந்தாலோ, நாவூறு பட்டுவிடும் என்று வாயே திறக்க மாட்டோம். அதைத்தான் அடக்கம் என்று எனக்குச் சொல்லித் தந்தார்கள். பூரணத்திடம் அதே அடக்கத்தைக் கண்டபோது எனக்குச் சொந்தக்காரியைக் கண்டதுபோல இருந்தது. அது வேறு சாமான் என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகுதான் அந்தப் பிழையைச் செய்தேன். ஒரு வெள்ளிக்கிழமை, முழுக்கு நாள். அவளை எண்ணெய் வைத்து முழுக வார்த்துவிட்டு, தோய்த்த சட்டையைக் கையில் எடுத்தேன். இனி இது என் பிள்ளை, இதற்கு எதற்கு மறியலில் கிடக்கிற கைதியைப் போல ஓர் எண் என்று, சின்னக் கத்தரிக்கோலால் அந்தச் சிவப்பு நூலை இழை இழையாக உருவி எடுத்தேன். எவ்வளவு அன்போடு செய்தேன் தெரியுமா? நூலை உருவும்போது தேவாரம்கூட முணுமுணுத்தேன். அவள் சட்டையைப் போடும்போது கழுத்தோரத்தைத் தடவினாள். ஊசி போன ஓட்டைகள் மட்டும் இருந்தன. முகம் வெளுத்தது. "என்ன பிள்ளை?" என்றேன். "ஒண்டும் இல்லை."

மத்தியானச் சோற்றை அளைந்துவிட்டு எழும்பினாள். இரண்டு மணிக்குப் பார்த்தால் ஆளைக் காணவில்லை. ஒழுங்கையில் இல்லை, காலி வீதியில் பாண்கடைக்காரனிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன், அவன் காணவில்லை. கடற்கரை றெயில் பாதை வரை ஓடினேன். இந்தப் பிள்ளை ஓடிப்போனது மேட்ரனுக்குத் தெரிந்தால் அத்தோடு முடிந்தது என்ற நினைப்போடு வீட்டுக்குத் திரும்பி ஓடினேன். வேர்க்க விறுவிறுக்க உன் அறைக் கதவைத் தள்ளினால், நீ ஆறுதலாக மெஷின் மிதித்துக்கொண்டிருக்கிறாய். வாயில் விரலை வைத்து, வெட்டுமேசைக்குக் கீழே கண்ணைக் காட்டினாய்.

"சத்தம் போடாதை. அவ வேலை செய்யிறா."

மேசைக்குக் கீழே பூரணம், சட்டையைக் கழற்றி மடியில் விரித்து, உன் நூற்பெட்டியிலிருந்து எடுத்த சிவப்பு நூலால் பதினேழைத் திரும்பவும் தைத்துக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் ஊசி குத்திய பொட்டுகள். நான் குனிந்து அவளை இழுக்கப் போனேன். நீ என் முந்தானையைப் பிடித்து இழுத்து முக்காலியில் இருத்தினாய். அவளிடம் நீ ஒன்றும் கேட்கவில்லை. உன் கதையைத் தொடங்கினாய்.

"எனக்கு இண்டைக்குச் சரியான கோவம். லோயர் வீட்டுப் பிள்ளையின்ர சட்டைக் கையைக் கோணலா வெட்டிப்போட்டன். ஆரிலயும் இல்லை, என்னிலதான் கோவம். கோவம் வந்தா எனக்குக் காது சுடும். இஞ்ச பார், தொட்டுப் பார்."

மேசைக்குக் கீழிருந்து ஒரு சின்னக் கை வந்து உன் காதைத் தொட்டது. பிறகு, பூரணம் வந்து இரண்டு மாதத்தில் நான் கேட்ட முதல் நீளமான பேச்சு:

"பதினேழு இல்லாட்டி என்ர பாயை வேற ஆருக்கும் குடுத்திடுவினம். இஞ்ச இருந்து திருப்பி அனுப்பினா நான் எங்க படுக்கிறது?"

நான் எண்ணைத்தான் எடுத்தேன் என்று நினைத்திருந்தேன். அவள் திரும்பிப் போகிற இடத்தை எடுத்திருக்கிறேன். வழக்கம்போல எழும்பிக் குசினிக்குப் போகப் பார்த்தேன். நீ விடவில்லை. ஊசியை என் கையில் தந்தாய்.

"உருவினது நீ. தைக்கிறதும் நீதான்."

எனக்குத் தையல் வராது என்று ஊருக்கே தெரியும். இரண்டு பேர் பார்த்திருக்க, வளைந்தும் நெளிந்தும் தைத்து முடித்தேன். பூரணம் வாங்கிப் பார்த்தாள். "ஏழின்ர வால் நீண்டு போச்சு" என்றாள். அவள் என்னிடம் சொன்ன முதல் குறை அது. அவிழ்த்துத் திரும்பத் தைத்தேன்.

அன்றைக்குத் தொடங்கியதுதான் நாலு மணித் தேத்தண்ணிப் பழக்கம். வெட்டுமேசையைச் சுற்றி மூன்று பேரும் இருந்து, இன்றைக்கு உள்ளே என்ன என்று ஆளுக்கொன்று சொல்ல வேண்டும். "அவளைக் கேக்காதை, நீ முதல்ல சொல்லு. பெரியவள் வாயைப் பூட்டிக்கொண்டு சின்னதைத் திறக்கச் சொன்னா எப்படி?" என்றாய். எனக்கு இது கோயிலில் தனியே பாடச் சொன்னதுபோல இருந்தது. "அரிசிக்கு இண்டைக்குச் சரியான கியூ" என்பேன். "அது கூப்பன் கடைச் செய்தி. உனக்குள்ள என்ன?" என்பாய். நாலைந்து நாள் தட்டிக்கழித்து, கடைசியில் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்:

"எனக்குப் பயம். மேட்ரன் வந்து இவளைக் கூட்டிக்கொண்டு போயிடுவாவோ எண்டு."

பூரணம் தலையை நிமிர்த்தினாள். "உங்களுக்கும் பயம் வருமோ?"

"ஓம்."

"எங்க?"

"வயித்துக்குள்ள."

"எனக்கும் அங்கதான்" என்றாள். அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு ஒரு பாண் துண்டு கூடுதலாகச் சாப்பிட்டாள்.

அந்தப் பழக்கம் இவரையும் பிடித்ததே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கண்ணும் நனைகிறது. ஒருநாள் வேலையால் வந்து குடையை மடித்துக்கொண்டு நின்றவரிடம் பூரணம், "மாமா, இண்டைக்கு உங்களுக்குள்ள என்ன?" என்றாள். 'களைப்பு' என்று சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கலாம். இவர் நின்றார். குடைக் கம்பியைப் பார்த்தார். "வெக்கம்" என்றார். "துரை இண்டைக்குப் பியோன்மாருக்கு முன்னால என்னை ஏசிப்போட்டார். என்ர பிழையும் இல்லை." பதினொரு வருடத்தில் எத்தனை நாள் இப்படி வந்து, 'ம்' என்று சொல்லிவிட்டு, நான் போட்டதைச் சாப்பிட்டுப் படுத்திருப்பார்? எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. பூரணம் தன் முக்காலியை அவருக்குத் தள்ளிவிட்டாள்.

ஆறு மாதம் முடிந்தது. மேட்ரன் வருகிற நாள் காலையில் படித்ததெல்லாம் எனக்கு மறந்துபோனது. வீட்டைக் கழுவித் துடைத்தேன். பிள்ளைக்குத் தலையை இறுக்கிப் பின்னினேன். "கேட்டா, சந்தோஷமா இருக்கிறன் எண்டு சொல்ல வேணும், விளங்குதோ?" என்று பாடமாக்கினேன். அவள் படுக்கிற இடத்தில் ஒரு பழைய சப்பாத்துப் பெட்டி, அதற்குள் நீ கொடுத்த வெட்டுத்துணித் துண்டுகள், பார்க்க ஒரே குப்பை. அதையும் எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டேன்.

மேட்ரன் வந்து விறாந்தையில் அமர்ந்தார். தேநீர் வைத்தேன், பயற்றம் பணியாரம் வைத்தேன். என் வாய் சும்மா இருக்கவில்லை. "சோலி இல்லாத பிள்ளை, மேட்ரன். அழமாட்டா, கோவிக்கமாட்டா..."

"பொய்" என்றாள் பூரணம்.

அவள் கதவோரத்தில் நின்றாள், இரண்டு கைகளையும் பொத்திக்கொண்டு. "எனக்குக் கோவம். இப்பவும் கோவம். மாமி என்னைக் கேக்காம என்ர துண்டுப் பெட்டியை எறிஞ்சுபோட்டா. அது குப்பை இல்லை, என்ர. எனக்குக் காது சுடுது." குரல் உடைந்து, ஒழுங்கை முனை வரை கேட்கும்படி அழத் தொடங்கினாள். அத்தனை மாதத்து அழுகையும் ஒன்றாக வந்தது.

முடிந்தது என்று நினைத்தேன். மேட்ரன் கோப்பையைக் கீழே வைத்தார். "நீ இஞ்ச இருக்க விருப்பமில்லையோ?" என்று அவளைக் கேட்டார். பூரணம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இப்படி ஒரு கேள்வியா என்பதுபோலப் பார்த்தாள்.

"நான் இஞ்சதான் இருப்பன். பெட்டிதான் வேணும்."

மேட்ரன் என் பக்கம் திரும்பினார். "மூண்டு வருஷம் எங்களோட இருந்தவ. இவவுக்கு இப்படி ஒரு குரல் இருக்கெண்டு எனக்குத் தெரியாது" என்றார். அதை அவர் கொஞ்சம் துக்கத்தோடுதான் சொன்னார். அந்த மனுசிக்கு அறுபது பிள்ளைகள், இரண்டு கைகள். பிறகு பேனாவைத் திறந்தார்.

கையெழுத்துக் காயுமுன் நீ வந்தாய், கழுத்தில் அளவுநாடாவோடு, கையில் சப்பாத்துப் பெட்டியோடு. காலையிலேயே கூடைக்குள் கண்டு எடுத்து வைத்திருக்கிறாய். "இந்தா உன்ர சொத்து" என்று அவளிடம் கொடுத்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்தாய். நான் குசினிக்குப் போய் நிலத்தில் இருந்து, வளர்ந்த பிறகு முதன்முறையாகச் சத்தம் போட்டு அழுதேன். பூரணம் பெட்டியோடு பின்னால் வந்தாள்.

"ஏன் அழுறியள்? கவலையோ, சந்தோஷமோ?"

யோசித்துப் பார்த்தேன். "ரெண்டும் இல்லை. ஆறுதல்."

"ஆறுதல் எண்டா?"

"பயந்தது நடக்காமப் போனா வாறது."

"நல்ல சொல்" என்றாய் நீ, வாசலில் சாய்ந்துகொண்டு. உன் கண்ணும் சிவந்துதான் இருந்தது. அதை நான் அப்போது சொல்லிக்காட்டவில்லை, இப்போது சொல்கிறேன்.

பதினேழு என்னவாயிற்று என்று கேட்பாய். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வருடம் அந்தச் சட்டை அவளுக்குச் சின்னதாகிப் போனது. நிலம் துடைக்கிற துணியோடு துணியாகக் கிடந்து கிழிந்தது. அவள் கவனிக்கவே இல்லை.

இனி நேற்றுக்கு வருகிறேன். சண்டை முடிந்துவிட்டது, வெள்ளைக்காரன் போகப் போகிறான் என்று இவர் பத்திரிகையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார். உன் மெஷின் பின்னறையில் அப்படியே இருக்கிறது. பூரணத்துக்கு இப்போது பதின்மூன்று, பள்ளிக்கூடத்தால் வந்ததும் அங்கேதான். நாலு மணிக்குத் தேத்தண்ணியோடு போனேன். கதவு பாதி சாத்தியிருந்தது. மங்கை வெட்டுமேசைக்குக் கீழே முடங்கியிருந்தாள். பக்கத்தில் நிலத்தில் பூரணம், அவளைப் பார்க்காமல், துணியில் ஊசி ஓட்டிக்கொண்டு தன்பாட்டில் கதைத்தாள். நான் வாசலில் நின்றுவிட்டேன்.

"எனக்கு இண்டைக்குக் கவலை. இந்த மெஷின் வைச்சிருந்த தையல் மாமியை நினைச்சனான். அவவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அண்டு, மாமா கார் பிடிக்கப் போயிட்டார், மாமி உடுப்பு மடிச்சுக்கொண்டு நிண்டவ. நான்தான் கிட்ட இருந்தன். 'பூரணம், எனக்குச் சரியான பயமாக் கிடக்கு. வயித்துக்குள்ள இல்லை, உடம்பு முழுக்க. என்ர கையைப் பிடி' எண்டவ. பிடிச்சனான். கார் வருமட்டும் விடேல்ல. பிறகு, 'இப்ப கொஞ்சம் பரவாயில்லை' எண்டு சொன்னவ."

தட்டில் கோப்பைகள் சலசலத்தன. பூரணம் திரும்பிப் பார்த்தாள்.

"ஏன் எனக்குச் சொல்லேல்ல நீ?" என்றேன். "ஒரு வருஷம், பிள்ளை. ஒரு முழு வருஷம்."

"நீங்கள் கேக்கேல்லையே, மாமி" என்றாள். "அவவும் சொன்னவ, 'அவளுக்குச் சொல்லாதை, அவள் என்னைவிடப் பயந்திடுவாள்' எண்டு."

அடி பாவி. சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறாய். நான் பயந்துதான் இருப்பேன். உன் உடுப்பை ஆறு தரம் மடித்து ஆறு தரம் குலைத்தவள் நான். ஆனால் நீ அதை உள்ளே பூட்டிக்கொண்டு போகவில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியிருக்கிறாய், கை பிடிக்கத் தெரிந்த ஒருத்தியிடம். அந்தக் கையைப் பழக்கியவளும் நீதான். தட்டை மேசையில் வைத்துவிட்டு நிலத்தில் இருந்தேன். உன்மேல் இருந்த கோபத்தைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

பழக்கம் விடவில்லை. நான்தான் முதலில் சொன்னேன். "எனக்கு இண்டைக்கு ஆறுதல்."

மேசைக்குக் கீழிருந்து சின்னக் குரல் வந்தது. "ஆறுதல் எண்டா?"

நான் வாய் திறக்குமுன் பூரணம் சொன்னாள், "பயந்தது நடக்காமப் போனா வாறது."

மங்கை அதைக் கொஞ்ச நேரம் யோசித்தாள். "எனக்கு இன்னும் வரேல்ல" என்றாள்.

நாலு நாளில், 'ஒண்டும் இல்லை' என்று வராத முதல் பதில். பூரணம் அவளுடைய கோப்பையை மேசைக்குக் கீழே நீட்டினாள், அவள் வாங்கிக் குடித்தாள்.

ஆறு மாதம் இருக்கிறது. உன் கத்தரிக்கோல்களைப் பூரணம் எண்ணெய் பூசி, கூர் கெடாமல் வைத்திருக்கிறாள். நாற்பத்தொன்றை இந்த வீட்டில் ஒருவரும் தொட மாட்டோம்.